வட சென்னை வீட்டுத் தோட்டத்தில் யூக்காவைப் பூக்க வைக்க

யூக்கா, வாள் போன்ற இலைகொண்ட அழகுச்செடி. நட்டு ஐந்தாறு ஆண்டாகியும் இலை மட்டுமே விட்டுக்கொண்டிருக்கும் யூக்காவைப் பார்த்து, "உப்புக் காற்று, உப்புத் தண்ணீர், இந்த ஊரில் இது பூக்காது" என்று கைவிட்டவர்கள் திருவொற்றியூர், காசிமேடு பக்கம் நிறையப் பேர். உண்மை நேர்மாறானது. இங்கே பழைய வீடுகளிலும் தேவாலய வளாகங்களிலும் காணப்படும் யூக்கா அலோய்ஃபோலியா, அமெரிக்காவின் தென்கிழக்குக் கடற்கரை மணல்மேடுகளில் தானாக வளரும் செடி. கடல்காற்று அதற்குப் பிறவியிலேயே பழக்கம். அது பூக்காமல் நிற்பதற்குக் காரணங்கள் வேறு: பாதி நாள் நிழல், தேவைக்கு மேல் தண்ணீர், தழைச்சத்து மிகுந்த உரம், ஐப்பசி கார்த்திகை மழையில் அழுகும் வேர். எல்லாவற்றுக்கும் மேலாக, உயரமாகிவிட்டது என்று உச்சியை வெட்டிவிடும் பழக்கம்.

யூக்காவின் பூத்தண்டு, கிளையின் உச்சியில் இருக்கும் நடுக்குருத்திலிருந்து மட்டுமே வரும். பக்கவாட்டிலிருந்து வராது. அந்தக் குருத்து அழுகாமல், வெட்டுப்படாமல், முழு வெயிலில் மூன்று நான்கு ஆண்டு முதிர வேண்டும். கீழே சொல்லும் எல்லா வேலையும் அந்த ஒன்றுக்காகத்தான்.

உங்களிடம் இருப்பது எந்தச் செடி

இதைப் பார்க்காமல் உரம் வாங்கப் போகாதீர்கள். 'யூக்கா' என்று சொல்லி நர்சரிகளில் கொடுக்கும் செடிகளில் சில யூக்காவே அல்ல.

வட சென்னைக்குச் சரியானது அலோய்ஃபோலியா. இலை ஒன்று முதல் இரண்டு அடி நீளம், இரண்டு விரல் அகலம், விறைப்பாக நிற்கும். ஓரத்தில் விரலை வைத்து மெல்லத் தடவினால் நுண்ணிய ரம்பப் பல் தட்டுப்படும். நுனியில் கருமையான கூர்முள். தண்டு எழும்பி ஆள் உயரத்தைத் தாண்டும். தாய்ச்செடியிலிருந்து பிரித்த பக்கக் கன்று நல்ல வெயிலில் மூன்று முதல் ஐந்து ஆண்டில் பூக்கும். இலையோரம் மஞ்சளாக இருக்கும் ரகமும் இதே இனம்தான். ஆனால் பச்சையம் குறைவு என்பதால் வளர்ச்சி மெதுவாக இருக்கும், பூவும் ஓரிரு ஆண்டு தள்ளிப்போகும்.

குளோரியோசா இதற்கு நெருங்கிய உறவு. இலை கொஞ்சம் அகலம், நீலம் பாய்ந்த பச்சை, ஓரம் ஏறக்குறைய வழவழப்பு. இதுவும் இங்கே பூக்கும். பராமரிப்பு ஒன்றே.

வரவேற்பறையில் வைப்பதற்காகத் தடித்த தண்டைத் துண்டு போட்டு, மேலே இரண்டு மூன்று கொண்டை (உச்சியில் குவிந்த இலைக்கொத்து) விட்டு விற்கிறார்களே, அது ஜைஜான்டியா. எலிஃபேன்டிப்பஸ் என்ற பெயரிலும் வரும். இலை நுனி குத்தாது. எல் சால்வடார் நாட்டின் தேசிய மலர் இதன் பூதான், அங்கே முட்டையோடு சேர்த்துச் சமைத்தும் சாப்பிடுகிறார்கள். ஆனால் இது மரமாகும் இனம். தரையில் வேர்விட்டு, அடித்தண்டு பெருத்து, பல ஆண்டு கழித்துத்தான் பூக்கும். தொட்டியில், அதுவும் வீட்டுக்குள் இருக்கும் ஜைஜான்டியாவிடம் பூவை எதிர்பார்க்க வேண்டாம்.

இலையோரத்தில் வெள்ளை நூல் நூலாகப் பிரிந்து, தண்டே இல்லாமல் தரையோடு இருப்பது ஃபிலமென்டோசா. குளிர்காலம் உள்ள நாடுகளில் நன்றாகப் பூக்கும். நம் ஊர்ச் சூட்டுக்கும் கார்த்திகை ஈரத்துக்கும் இதைப் பரிந்துரைக்க மாட்டோம்.

டிரசீனாவை யூக்கா என்று கொடுத்துவிடுவது சாதாரணம். டிரசீனா இலை மெல்லியது, நடுவில் வளைந்து தொங்கும், நுனி குத்தாது. அகேவ் என்கிற ஆனைக்கற்றாழை வகைகளில் இலை சதைப்பற்றோடு தடித்திருக்கும். ஒரு கொண்டை ஒருமுறை பூத்ததும் அதோடு பட்டுப்போகும். யூக்கா இலையைக் குறுக்கே வெட்டினால் சதை இருக்காது, நார்தான் இருக்கும். அலோய்ஃபோலியா பூத்தபின் சாவதில்லை, கிளைத்து மறுபடியும் பூக்கும்.

வெயில்

நேரடி வெயில் ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் குறைந்தபட்சம். எட்டு மணி நேரம் கிடைத்தால் பூவைப் பற்றிய கவலை பாதி தீர்ந்தது. 'வெளிச்சமான இடம்' என்பது வெயில் ஆகாது. நான்கு மணி நேர வெயிலில் செடி சாகாது, இலையும் அழகாக விடும். பூ மட்டும் வராது. பலர் ஏமாறுவது இங்கேதான்.

வண்ணாரப்பேட்டை, ராயபுரம் மாதிரி சுவரோடு சுவர் ஒட்டிய தெருக்களில் தரைத்தளத்தில் இந்த அளவு வெயில் கிடைப்பது அரிது. அங்கே மொட்டை மாடிதான் இடம். மாதவரம், கொளத்தூர், மணலி பக்கம் மனையில் இடம் இருந்தால் மதிலின் நிழலைக் கணக்குப் போட வேண்டும். சென்னை ஏறக்குறைய 13 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நடுப்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும், டிசம்பரில் தெற்கே நன்றாகச் சாய்ந்துவிடும். அப்போது 10 அடி மதிலின் வடக்குப் பக்கம் நடுப்பகலிலேயே ஏழரை அடி தூரம் வரை நிழல் விழும். மே மாதத்தில் பார்த்து "நல்ல வெயில்" என்று மதிலின் வடக்கே நட்ட செடி, மழைக்குப் பின் தேற வேண்டிய மார்கழி, தை மாதங்களில் நிழலில் கிடக்கும். மதிலின் தெற்குப் பக்கமோ, மேற்கும் தெற்கும் திறந்த மூலையோ தேர்ந்தெடுங்கள்.

நிழலில் இருந்த செடியைத் திடீரென்று மொட்டை மாடி வெயிலுக்கு ஏற்றினால் இலை வெளுத்துக் கருகும். முதல் வாரம் காலை வெயில் மட்டும், இரண்டாம் வாரம் மதியம் வரை, பிறகு முழு நாள். கத்திரி வெயில் நாட்களில் இந்த மாற்றத்தைச் செய்யவே வேண்டாம்.

நடைபாதையிலிருந்தும் குழந்தைகள் விளையாடும் இடத்திலிருந்தும் நான்கு அடியாவது தள்ளி நடுங்கள். குனியும்போது இலை நுனி கண்ணிலும் காதிலும் ஏறிவிடும் அபாயம் நிஜமானது. செடியிடம் வேலை செய்யும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். எட்டும் உயரத்தில் இருக்கும் இலைகளின் முள்நுனியை மட்டும் அரை சென்டிமீட்டர் கத்தரித்துவிடலாம். செடிக்கு அதனால் கெடுதல் இல்லை.

மண்ணும் மேடும்

வட சென்னையில் இரண்டு விதமான நிலம். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கரையோரம் மணல். மேற்கே கொடுங்கையூர், மாதவரம், ரெட்டேரி பக்கம் போகப் போகக் களி. மணலில் யூக்காவுக்கு எந்தச் சிக்கலும் இல்லை. ஒன்றரை அடி ஆழம், ஒன்றரை அடி அகலத்தில் குழி எடுத்து, எடுத்த மண்ணோடு மக்கிய தொழு உரம் மூன்று கிலோ, வேப்பம் பிண்ணாக்கு 200 கிராம் கலந்து மூடி நட்டால் போதும்.

களியாக இருந்தால் முதலில் சோதியுங்கள். ஒரு அடி ஆழத்தில் ஒரு குழி தோண்டி நிறையத் தண்ணீர் விடுங்கள். அது இறங்கியதும் மறுபடி நிரப்புங்கள். இரண்டாவது முறை விட்ட தண்ணீர் இரண்டு மூன்று மணி நேரத்தில் இறங்கினால் தரையில் நடலாம். இரவு முழுக்க நின்றால் அங்கே குழி எடுத்து நடக்கூடாது. குழியில் மட்டும் மணலைக் கொட்டி நடுவது இன்னும் மோசம். சுற்றியுள்ள களியிலிருந்து மழைத்தண்ணீர் வடிந்து அந்த மணல் குழியில் வந்து தேங்கும், வேர் அதில் ஊறும்.

அங்கே செய்ய வேண்டியது மேடு. நான்கு அடி அகலம், ஒன்றரை அடி உயரம். சுற்றிலும் செங்கல்லைச் சாந்து பூசாமல் அடுக்கினால் மண் கரையாது, தண்ணீரும் இடுக்கு வழியே வடியும். அடியில் ஆறு அங்குலம் உடைந்த செங்கல், மேலே கலவை மண். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது இந்தப் பகுதிகளில் தண்ணீர் நாள்கணக்கில் நின்றதை நினைவில் வைத்து மேட்டின் உயரத்தை முடிவு செய்யுங்கள். உங்கள் வாசலில் அப்போது முழங்கால் தண்ணீர் என்றால் ஒன்றரை அடி மேடு போதாது, தொட்டிதான் சரி.

தொட்டியில் வைப்பவர்களுக்கு

அலோய்ஃபோலியா தொட்டியிலும் பூக்கும். வாய் 16 முதல் 18 அங்குலம் உள்ள மண் தொட்டி அல்லது சிமென்ட் தொட்டி எடுங்கள். பிளாஸ்டிக் தொட்டியும் வளர்ப்புப் பையும் வேண்டாம். தலை கனத்த செடி, கடற்காற்றில் சாய்ந்துவிடும். சின்னக் கன்றை நேரடியாகப் பெரிய தொட்டியில் வைப்பதும் தவறு. வேர் எட்டாத மண்ணில் ஈரம் தங்கி அழுகலுக்கு வழி செய்யும். 10 அங்குலத்தில் ஆரம்பித்து, இரண்டாவது ஆண்டில் 16-க்கு மாற்றுங்கள்.

கலவை, பங்குக் கணக்கில்: செம்மண் 4, கரடுமுரடான மணல் 3, பட்டாணி அளவு செங்கல் ஜல்லி 2, நன்றாக மக்கிய தொழு உரம் 1. மணலுக்கு எம்-சாண்ட் வாங்கினால் கான்கிரீட்டுக்குப் போடும் பருமணலாக வாங்கி, இரண்டு முறை அலசி, மேலே மிதக்கும் மாவுத்தூளைக் கொட்டிவிடுங்கள். பூச்சு வேலைக்கான சன்னமணல் தொட்டிக்குள் சிமென்ட் மாதிரி இறுகிவிடும். கடற்கரை மணலை அள்ளிவந்து போடாதீர்கள். காற்றில் வரும் உப்பைத் தாங்கும் செடிதான், ஆனால் தொட்டி என்ற சிறிய இடத்தில் உப்பு குவிந்தால் வேர் நுனி கருகும். தேங்காய் நார்க்கழிவும் வேண்டாம், அது தண்ணீரைப் பிடித்து வைக்கும் பொருள்.

தொட்டியின் அடியில் சுண்டுவிரல் போகும் அளவில் குறைந்தது மூன்று ஓட்டை இருக்கட்டும். ஓட்டையின் மேல் ஓட்டுத்துண்டைக் கவிழ்த்து வையுங்கள். தொட்டியை நேராகத் தளத்தில் வைக்காமல் மூன்று செங்கல் மேல் தூக்கி வைத்தால் வடிகாலும் அடைக்காது, தளமும் கெடாது. நனைந்த நிலையில் இந்தத் தொட்டி மிகவும் கனக்கும். சுவர் ஓரத்தில், தூண் மேல் வருகிற இடத்தில் வையுங்கள்.

தொட்டியில் வேர் கொஞ்சம் நெருக்கமாக இருப்பது யூக்காவுக்குக் கெடுதல் இல்லை. ஆகவே ஆண்டுதோறும் தொட்டி மாற்றும் ஆர்வம் வேண்டாம். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை போதும்.

நடும் நேரமும் முறையும்

தை, மாசி. மழை முடிந்து, மண் இன்னும் சூடேறாத அந்த இரண்டு மாதத்தில் நட்டால் கத்திரிக்கு முன் வேர் பிடித்துவிடும். ஆடிக்குப் பின் நட்ட கன்று வேர் ஊன்றுவதற்குள் மழை வந்துவிடும்.

தாய்ச்செடியின் அடியில் வரும் பக்கக் கன்று ஒரு அடி உயரம் ஆனபின் பிரியுங்கள். கூர்மையான கத்தியால், கொஞ்சம் வேரோடு வெட்டி எடுங்கள். வெட்டுவாயை நிழலில் ஐந்து முதல் ஏழு நாள் உலரவிட வேண்டும். தொட்டால் ஈரம் ஒட்டக்கூடாது. உலராமல் நட்டால் அந்த வழியாகவே அழுகல் ஏறும். நட்டதும் குடம் குடமாக ஊற்றாதீர்கள். மண் லேசான ஈரத்தில் இருந்தால் போதும். நட்ட நாள் விட்டு நான்காம் நாள் ஒரு தண்ணீர், பிறகு வாரம் ஒன்று. ஆறு முதல் எட்டு வாரத்தில் வேர் பிடிக்கும். மெல்ல அசைத்துப் பார்த்தால் பிடித்து நிற்கும், நடுவில் புது இலை நீளும்.

வேறொரு வழியும் உண்டு, அவசரம் உள்ளவர்களுக்கு இதுவே நல்லது. ஏற்கெனவே பூத்துக் கிளைத்த செடியிலிருந்து, கொண்டையோடு ஒன்றரை அடித் தண்டை வெட்டிவந்து அதே மாதிரி உலர்த்தி நடலாம். முதிர்ந்த குருத்து என்பதால் சின்னக் கன்றைவிட முன்னதாகப் பூக்கும். கீழ் இலைகளில் பாதியை எடுத்துவிட்டு நடுங்கள், சவுக்குக் கம்பு ஒன்றில் கட்டி நிறுத்துங்கள்.

தண்ணீர்

யூக்காவைக் கெடுப்பது அன்புதான், அதாவது தினமும் மாலையில் எல்லாச் செடிக்கும் ஊற்றும் ரப்பர் குழாய். மற்ற செடிகளின் பாத்தியில் இதைச் சேர்க்காதீர்கள்.

தரையில் இருக்கும் செடிக்கு முதல் ஆண்டு கோடையில் வாரம் ஒருமுறை. இரண்டாம் ஆண்டிலிருந்து கோடையில் 10 அல்லது 15 நாளுக்கு ஒருமுறை, 15 லிட்டர். மழைக்காலத்தில் எதுவும் வேண்டாம். தொட்டியில் கோடையில் நான்கைந்து நாளுக்கு ஒருமுறை, மற்ற மாதங்களில் 10 நாளுக்கு ஒருமுறை. நாள் கணக்கை மட்டும் நம்பாமல் விரலை இரண்டு அங்குலம் உள்ளே விடுங்கள். ஈரம் தட்டினால் இன்று வேண்டாம்.

பூவுக்காகச் செய்வது ஒன்று உண்டு. தை முதல் பங்குனி நடு வரை தண்ணீரை நன்றாகக் குறைத்து, தொட்டிக்கு 15 நாளுக்கு ஒருமுறை மட்டும் விட்டுச் செடியைக் காயப் போடுங்கள். புதிதாக நட்ட கன்றுக்கு இது பொருந்தாது, மூன்று ஆண்டு கடந்த செடிக்கு மட்டும். கீழ் இலை ஒன்றிரண்டு மஞ்சளாகிக் காயும், பயப்பட வேண்டாம். பங்குனிக் கடைசியில் மண் முழுக்க நனைய ஒரு தண்ணீர், அதோடு கீழே சொல்லும் உரம். வறட்சி முடிந்து கிடைக்கும் முதல் நல்ல ஈரத்தில் முதிர்ந்த குருத்து பூத்தண்டுக்குத் திரும்ப வாய்ப்பு அதிகம். இங்கே தண்டு எழும்புவது பெரும்பாலும் கோடைக்கும் ஆவணிக்கும் நடுவில்.

தண்ணீரின் தரம் தொட்டிக்கு முக்கியம், தரைக்கு அவ்வளவு இல்லை. தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் போர் தண்ணீர் பல வீடுகளில் கரிக்கும். டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) 2000-ஐத் தாண்டினால் தொட்டிக்குத் தொடர்ந்து விடாதீர்கள். மெட்ரோ வாட்டர், பிடித்துவைத்த மழைத்தண்ணீர், ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் எல்லாம் நல்லது. ஆர்ஓ கழிவுத் தண்ணீரில் உப்பு செறிந்திருக்கும், அது வேண்டாம். கரிக்கும் தண்ணீரைத் தவிர வேறு இல்லை என்றால் மாதம் ஒருமுறை நல்ல தண்ணீர் இரண்டு வாளி ஒரே மூச்சில் தொட்டியில் விட்டு, அடியில் வழிந்தோட விடுங்கள். தொட்டி விளிம்பில் வெள்ளைப் பொருக்கு படிவதும், இலை நுனி இரண்டு அங்குலத்துக்குக் காய்ந்து பழுப்பாவதும் உப்பு சேர்ந்ததற்கு அடையாளம்.

உரம்

குறைவாகப் போடுவது நல்லது, தவறான உரம் போடுவதைவிடப் போடாமலே இருப்பது மேல். மாட்டுச் சாணக் கரைசல், ஊறவைத்த கடலைப் பிண்ணாக்கு, யூரியா, 19:19:19 என்ற கலப்பு உரம் இவையெல்லாம் தழைச்சத்தைத் தள்ளுகின்றன. இலை கரும்பச்சையாகக் கொழிக்கும், கன்று கன்றாக வெடிக்கும், குருத்து பூவுக்குத் திரும்பாது. பிண்ணாக்குக் கரைசலை நடுக்குருத்தில் ஊற்றினால் குருத்து அழுகியே போகும்.

16 அங்குலத் தொட்டிக்கு ஆண்டுக்கு இரண்டு முறை, பங்குனிக் கடைசியிலும் ஆடியிலும்: சூப்பர் பாஸ்பேட் 15 கிராம், சல்பேட் ஆப் பொட்டாஷ் 5 கிராம், மக்கிய தொழு உரம் இரண்டு கைப்பிடி. தண்டிலிருந்து நான்கு அங்குலம் தள்ளி விளிம்போரம் தூவி, மேல்மண்ணைக் கிளறிவிட்டுத் தண்ணீர் விடுங்கள். தரைச் செடிக்கு இதே மாதங்களில் சூப்பர் பாஸ்பேட் 50 கிராம், சல்பேட் ஆப் பொட்டாஷ் 20 கிராம், தொழு உரம் இரண்டு கிலோ.

கடைக்காரர் விலை குறைந்த மியூரியேட் ஆப் பொட்டாஷை எடுத்துக் கொடுப்பார். வேண்டாம் என்று சொல்லுங்கள். அது குளோரைடு உப்பு. ஏற்கெனவே குளோரைடு மிகுந்த நம் கரையோரத் தண்ணீரோடு அதுவும் சேர்ந்தால் தொட்டிச் செடிக்குச் சுமை. எலும்புத் தூள் போடலாம், ஆனால் காரத்தன்மையுள்ள நம் மண்ணில் மிக மெதுவாகக் கரையும், அந்த ஆண்டுப் பூவுக்கு உதவாது. புரட்டாசிக்குப் பின் எந்த உரமும் கிடையாது.

கத்தரியை எங்கே நிறுத்துவது

கொண்டையின் கீழ் இலைகளை எல்லாம் வெட்டி, உச்சியில் ஒரு குஞ்சம் மட்டும் விட்டு வைக்கும் வழக்கம் நம் ஊரில் பரவிவிட்டது. பார்க்கப் பனைமரம் மாதிரி இருக்கும் என்று செய்கிறார்கள். பூத்தண்டை எழுப்பத் தேவையான சேமிப்பு அந்தப் பச்சை இலைகளில் உருவாகிறது. இருபது முப்பது இலை உள்ள கொண்டை எழுப்பும் தண்டை, பத்து இலை உள்ள கொண்டை எழுப்பாது. முழுக்கக் காய்ந்த இலையை மட்டும் கீழ்நோக்கி இழுத்து எடுங்கள். வராவிட்டால் தண்டோடு ஒட்ட வெட்டுங்கள்.

உச்சியை வெட்டினால் கணக்கு முதலிலிருந்து ஆரம்பம். வெட்டுக்குக் கீழே இரண்டு மூன்று கிளை வரும், ஒவ்வொன்றும் புதிதாக இரண்டு மூன்று ஆண்டு முதிர வேண்டும். செடி அளவுக்கு மீறி உயர்ந்து, மின்கம்பியை நெருங்குகிறது என்றால் மட்டும் வெட்டுங்கள். அப்போதும் பல தண்டு உள்ள செடியில் ஒரு ஆண்டுக்கு ஒரு தண்டு. அடியில் வரும் கன்றுகளில் ஒன்றிரண்டை விட்டுவிட்டு மீதியை எடுத்துவிடுங்கள்.

பூத்தண்டு வந்தால்

நடுக்குருத்து வழக்கத்தைவிடப் பருத்து, இலைகள் விலகி, ஊதா கலந்த பச்சையில் கூம்பு போன்ற முனை தெரியும். அடுத்த நான்கு வாரத்தில் அது ஒன்றரை இரண்டு அடி கிளைத்த கொத்தாகும். இந்த நேரத்தில் தொட்டியைத் திருப்பவோ இடம் மாற்றவோ கூடாது. தண்ணீரை ஒரு படி கூட்டுங்கள், தொட்டிக்கு மூன்று நாளுக்கு ஒருமுறை. வறண்டால் மொட்டு மஞ்சளாகி உதிரும். உரம் எதுவும் இப்போது கூடாது.

கொத்து கனமானது. கடற்கரைப் பக்கம் பிற்பகல் காற்று ஓங்கும் மாதங்களில் தண்டு முறியும். செடிக்கு ஒரு கை தள்ளிச் சவுக்குக் கம்பு ஊன்றி, துணிப் பட்டையால் எட்டு வடிவத்தில் தளர்வாகக் கட்டுங்கள். சணல் கயிறு நேராகப் பட்டால் இளந்தண்டு அறுபடும்.

மாவுப்பூச்சி வருவதும் இந்தச் சமயத்தில்தான். எறும்பு தண்டில் ஏறுகிறதென்றால் மேலே பூச்சி இருக்கிறது என்று பொருள். மொட்டு விரிவதற்கு முன் ஒரு லிட்டர் தண்ணீரில் வேப்பெண்ணெய் 5 மில்லி, திரவ சோப்பு 2 மில்லி கலந்து, மாலையில் இலையிடுக்குகளில் அடியுங்கள். வாரம் ஒன்று, மூன்று வாரம். விரிந்த பூவின்மேல் எதையும் தெளிக்க வேண்டாம். தண்டிலும் இலையிலும் பேன்பூச்சி இருந்தால், அங்கே மட்டும் வெறும் தண்ணீரைப் பீய்ச்சினாலே போய்விடும்.

பூக்கள் மணி வடிவில் தலைகீழாகத் தொங்கும், பால்வெள்ளை, ஆறு இதழ். மாலையில் நன்றாக விரிந்து மணம் வீசும், பகலில் பாதி குவிந்திருக்கும். கீழிருந்து மேலாக இரண்டு மூன்று வாரம் தொடர்ந்து விரியும். மணலி, எண்ணூர் பக்கம் வீட்டுச் செடிகளில் சாம்பல் தூசு படிவது உண்டு. பூக்காலத்துக்கு முன் வாரம் ஒருமுறை காலையில் இலையைக் கழுவிவிட்டால் இலை முழு வெயிலைப் பிடிக்கும். மாலையில் கழுவினால் நடுக்குருத்தில் தண்ணீர் இரவெல்லாம் நிற்கும், அது கூடாது.

ஐப்பசி முதல் மார்கழி வரை

சென்னையின் ஆண்டு மழை ஏறக்குறைய 1400 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழையில் மூன்று மாதத்துக்குள் கொட்டிவிடுகிறது. யூக்கா இழக்கப்படுவது வெயிலில் அல்ல, இந்த மூன்று மாதத்தில்.

புரட்டாசியில் வடிகால் ஓட்டைகளைக் கம்பி விட்டுக் குத்திப் பாருங்கள். தட்டு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். தொட்டியைச் சாரல் குறைந்த சுவரோரம் நகர்த்தலாம், ஆனால் இருட்டான இடத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். மேல்மண்ணில் தண்டைச் சுற்றி ஒரு அங்குலம் ஜல்லி போட்டால் தண்டடி காய்ந்தே இருக்கும். இலை மக்கு, தென்னை மட்டை எதையும் தண்டடியில் குவித்து வைக்கக் கூடாது.

இலையில் பழுப்புப் புள்ளி, சுற்றிலும் மஞ்சள் வளையம் தெரிந்தால் பூஞ்சை. பாதித்த இலையை எடுத்துவிட்டு, காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம், மழை விட்ட நாளில், 15 நாள் இடைவெளியில் இரண்டு முறை. நடு இலையை மெல்ல இழுத்தால் கையோடு வந்து, அடி கொழகொழவென்று நாறினால் குருத்தழுகல். அந்தக் கொண்டை இனி பூக்காது. அழுகிய பாகத்தைச் சுத்தமான வெள்ளைத் திசு தெரியும் வரை வெட்டிவிட்டு, வெட்டுவாயில் அதே மருந்தைக் குழைத்துப் பூசுங்கள். கீழே தண்டு கெட்டியாக இருந்தால் கிளைக்கும்.

அடித்தண்டை அழுத்தினால் மெத்தென்று இருந்தால் அழுகல் வேரிலிருந்து ஏறுகிறது. காத்திருக்காதீர்கள். மேலே கெட்டியான இடத்தில் வெட்டிக் கொண்டையைத் தனியாக எடுத்து, ஒரு வாரம் உலர்த்தி, புதிய கலவையில் நட்டால் அதே முதிர்ச்சியோடு பிழைக்கும். வெள்ளத்தில் சாக்கடையோ எண்ணெயோ கலந்த தண்ணீர் தொட்டிக்குள் நின்றிருந்தால் மண்ணை முழுக்க மாற்றுங்கள். 2023-ல் எர்ணாவூர், எண்ணூர் முகத்துவாரப் பகுதியில் வெள்ளத்தோடு எண்ணெய் வந்தது போன்ற நிலையில், மேல்மண்ணை மட்டும் சுரண்டி எடுப்பது போதாது.

பூத்த பிறகு

பூ உதிர்ந்து தண்டு காய ஆரம்பித்ததும், கொண்டையிலிருந்து இரண்டு அங்குலம் விட்டு வெட்டுங்கள். பச்சையாக இருக்கும்போதே ஒட்ட வெட்டினால் அந்தக் குழியில் தண்ணீர் தேங்கும். சில மாதத்தில் பூத்தண்டுக்குக் கீழே இரண்டு மூன்று புதுக் குருத்து கிளைக்கும். எல்லாவற்றையும் விடுங்கள். ஒவ்வொரு கிளையும் ஒரு பூத்தண்டுக்கு இடம். அடுத்தடுத்த ஆண்டுகளில் செடி முன்னிலும் அதிகமாகப் பூப்பது இதனால்தான்.

காய் வேண்டும் என்றால் கையால் மகரந்தம் சேர்ப்பது நிச்சயமான வழி. அமெரிக்காவில் இந்த வேலையை யூக்கா அந்துப்பூச்சி செய்கிறது. பெண் பூச்சி மகரந்தத்தை உருண்டையாகத் திரட்டி, சூலகத்தில் முட்டையிட்டபின் சூல்முடியில் திணிக்கும். அதன் புழுக்கள் விதையில் ஒரு பங்கைத் தின்று வளரும். அந்தப் பூச்சி இங்கே இல்லை. தேனீக்களால் சில சமயம் காய் பிடிக்கலாம், ஆனால் அவற்றை நம்பி இருக்க முடியாது. பூ விரிந்த முதல் இரவு ஏழு மணிக்கு மேல், பல்குத்தும் குச்சியால் மகரந்தப்பையிலிருந்து ஒட்டும் மகரந்தத்தை எடுத்து, நடுவிலுள்ள சூலகத்தின் நுனிக் குழிக்குள் அழுத்தி வையுங்கள். மேலே தடவினால் பலிக்காது, குழிக்குள் போக வேண்டும். மகரந்தம் வேறொரு செடியிலிருந்து வந்தால் காய் உதிர்வது குறையும். ஒரு கொத்தில் பத்துக் காய்க்கு மேல் விடாதீர்கள், செடியின் அடுத்த ஆண்டுச் சேமிப்பு அதில் போய்விடும்.

அலோய்ஃபோலியா காய் சதைப்பற்றோடு கருநீலமாகப் பழுக்கும். உள்ளே தட்டையான கறுப்பு விதைகள். கழுவி, ஒரு இரவு ஊறவைத்து, மணல் கலவையில் அரை அங்குல ஆழத்தில் விதைத்தால் இரண்டு முதல் நான்கு வாரத்தில் முளைக்கும். விதைக் கன்று பூக்கப் பக்கக் கன்றைவிடப் பல ஆண்டு கூடுதலாகும். ஆகவே பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பதாக இருந்தால் மாசியில் ஒரு பக்கக் கன்றைப் பிரித்து, வெட்டுவாய் உலர்ந்ததும் கொடுங்கள்.